எஸ்எஃப்-400 சமையலறைத் தராசு: 300 ரூபாய்க்கு எவ்வளவு நம்பலாம்?

உடம்பைக் குறைக்கணும், சாப்பாட்டைச் சரிபண்ணணும் என்று இறங்குகிறவர்கள் முதலில் ஷூ வாங்குவார்கள். அடுத்து புரோட்டீன் பவுடர், அப்புறம் காலடியை எண்ணும் கைக்கடிகாரம். சமையல் மேடையில் வைக்கிற தராசு அந்தப் பட்டியலிலேயே இருக்காது. எங்களைக் கேட்டால் வரிசையை மாற்றச் சொல்வோம். தட்டில் விழுவது எத்தனை கிராம் என்று தெரியாத வரைக்கும் மற்ற மூன்றும் செலவுக் கணக்கில்தான் சேரும்.

ஆன்லைனில் தேடினால் முதலில் கண்ணில் படுவது எஸ்எஃப்-400. வெள்ளை பிளாஸ்டிக் உடல், மேலே வட்டத் தட்டு, முன்னால் சின்ன டிஸ்பிளே, இரண்டே பட்டன். பெரும்பாலும் 200 ரூபாயிலிருந்து 400 ரூபாய்க்குள் கிடைக்கும். சுவர்க் கடிகாரத்தில் போடுகிற அதே டபுள்-ஏ பேட்டரி இரண்டு போதும். இது ஒரு கம்பெனியின் பெயர் அல்ல, மாடல் எண். ஒரே வடிவத்தில் பலரும் செய்து, அவரவர் ஸ்டிக்கரை ஒட்டி விற்கிறார்கள். அதனால் பக்கத்து வீட்டில் நன்றாக உழைக்கிறது என்பதற்காக உங்களுக்கு வருவதும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. வந்த பீஸைச் சோதித்துத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். எப்படி என்பது கீழே வருகிறது.

பெட்டியில் 5 கிலோ, 7 கிலோ, 10 கிலோ என்று விதவிதமாகப் போட்டிருக்கும். 10 கிலோ என்றால் உசத்தி என்று நினைக்க வேண்டாம். எதை வாங்கினாலும் காட்டுகிற அளவு ஒரு கிராம் ஒரு கிராமாகத்தான் ஏறும். சாம்பாரோடு குக்கரையே தூக்கி வைத்தாலும் நாலு கிலோவைத் தாண்டாது. சமையலறைக்கு 5 கிலோ தாராளம்.

உள்ளே இருப்பது ஒரு சிறிய அலுமினியக் கட்டை. ஒரு முனை அடிப்பாகத்திலும் மறுமுனை மேல் தட்டிலும் திருகப்பட்டிருக்கும். பாரம் வைத்ததும் அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய மின்தடைப் பட்டைகள் அந்த வளைவை மின்சார மாற்றமாக்கும், அதைத்தான் திரை கிராமாகக் காட்டுகிறது. இந்தத் தராசின் வியாதிகள் பாதிக்கு இந்தக் கட்டைதான் காரணம். அலமாரியில் இதன்மேல் டப்பாக்களை அடுக்கி வைத்தால் கட்டை நிரந்தரமாக வளைந்துவிடும், பிறகு பூஜ்யம் பூஜ்யமாக நிற்காது. கொதிக்கிற பாத்திரத்தை நேரே வைத்தால் பிளாஸ்டிக் இளகுவதோடு கட்டையும் சூடேறி அளவு நகரும். சூடான எதையும் வைக்கும் முன் ஒரு மரப்பலகையைப் போட்டு, டேர் பட்டனை அழுத்திப் பூஜ்யமாக்கிவிட்டு வையுங்கள்.

வந்த அன்றைக்கே செய்ய வேண்டிய சோதனை கால் மணி நேர வேலை. கிரானைட் மேடையில் வைத்து ஃபேனை நிறுத்துங்கள். ஃபேன் காற்று தட்டில் பட்டாலே எண் ஓரிரு கிராம் ஆடும். மேஜைமேல் துணியோ பிளாஸ்டிக் விரிப்போ இருந்தால் எடுத்துவிடுங்கள். 2011-க்கும் 2018-க்கும் இடைப்பட்ட ஆண்டு பொறித்த மஞ்சள் நிற 5 ரூபாய் நாணயம் ஒன்று 6 கிராம். பத்து நாணயத்துக்கு 59-லிருந்து 61 வரை காட்டினால் சரி. 2019-க்குப் பிறகு வந்த 5 ரூபாய் எடை கூடுதல், அதைக் கலந்துவிடாதீர்கள். அடுத்து அரை கிலோ அரிசிப் பையை நடுவில் வைத்துப் பாருங்கள், பிறகு தட்டின் நாலு ஓரத்திலும் நகர்த்திப் பாருங்கள். மூன்று கிராமுக்கு மேல் மாறினால் திருப்பி அனுப்புங்கள். அதே பையை ஐந்து நிமிடம் அப்படியே விடுங்கள். ஒரு கிராம் ஏறுவது சகஜம். ஏறிக்கொண்டே போனால் உள்ளே ஒட்டியது சரியில்லை.

பெரிய எடைக்கு கடைப் பாக்கெட்டை அளவுகோலாக வைக்கிறவர்கள் உண்டு. அது சரிவராது. ஒரு கிலோ பாக்கெட்டில் 15 கிராம் வரை கூடவோ குறையவோ இருக்க எடையளவு விதிகளிலேயே இடமிருக்கிறது. மளிகைக் கடையில் முத்திரை வைத்த தராசில் ஒரு சர்க்கரைப் பையை நிறுத்து எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து, அதே பையை வீட்டில் வைத்து ஒப்பிடுங்கள்.

இப்போது இந்த மெஷினின் பெரிய குறை. உப்பையோ இன்ஸ்டன்ட் காபித் தூளையோ சிட்டிகை சிட்டிகையாகத் தட்டில் போட்டுப் பாருங்கள். நாலைந்து சிட்டிகை விழுந்த பிறகும் திரையில் 0 நிற்கும். பழுது அல்ல. சும்மா இருக்கும்போது எண் அலையாமல் இருக்க, பூஜ்யத்துக்கு அருகே வரும் சின்னச் சின்ன மாற்றத்தை மெஷினே விழுங்கிவிடும்படி அமைத்திருக்கிறார்கள். இதற்கு ஒரு வழி உண்டு. டம்ளரை வைத்து டேர் அழுத்தாதீர்கள். டம்ளர் எடை 118 என்று காட்டட்டும். அதிலேயே தூளைப் போட்டு 126 வந்தால் எட்டு கிராம் என்று மனக்கணக்குப் போடுங்கள். அப்படியும் பத்து கிராமுக்குக் கீழே இதை நம்பக் கூடாது. ஐந்து கிராம் பொருளில் ஒரு கிராம் தவறு என்றால் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. மருந்துப் பொடி, உடற்பயிற்சி செய்பவர்கள் எடுக்கும் கிரியேட்டின் பொடி போன்றவற்றுக்கு அதனுடனே வருகிற ஸ்பூனே மேல்.

யூனிட் பட்டனைக் கை தெரியாமல் அழுத்திவிட்டால் அவுன்ஸுக்குப் போய்விடும். ஒரு அவுன்ஸ் 28 கிராம் சொச்சம். அரிசி திடீரென்று 3.5 காட்டினால் மெஷின் போய்விட்டது என்று பதற வேண்டாம், ஓரத்தில் இருக்கும் சின்ன எழுத்தைப் பாருங்கள். மில்லிலிட்டர் வசதியும் சிலதில் இருக்கிறது. அது எல்லாவற்றையும் தண்ணீர் என்றே நினைத்துக்கொள்ளும். எண்ணெயை அப்படி அளந்தால் 100 என்று காட்டும்போது கிண்ணத்தில் 109 மில்லி இருக்கும்.

சரி, எதை நிறுப்பது? எல்லாவற்றையும் நிறுக்க ஆரம்பிப்பவர்கள் பத்தே நாளில் மெஷினைப் பரண்மேல் போட்டுவிடுவார்கள். கீரை, வெண்டைக்காய், வெள்ளரிக்காயை நிறுத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. அரிசி, எண்ணெய், தேங்காய், கடலை வகை, பருப்பு ஆகிய ஐந்தைப் பிடித்தால் நம் வீட்டுச் சாப்பாட்டின் கணக்கு பெரும்பாலும் கைக்கு வந்துவிடும்.

அரிசியில்தான் பலர் வழுக்குவார்கள். பச்சையாக 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 350 கலோரி. அதே அரிசி வெந்தபின் எவ்வளவு எடை வரும் என்பது அரிசியையும், நீங்கள் வடிக்கிறீர்களா குக்கரில் வைக்கிறீர்களா என்பதையும் பொறுத்தது. கலோரி எண்ணும் ஆப்பில் 'சாதம் 100 கிராம்' என்று இருக்கும் எண் உங்கள் வீட்டுச் சாதத்துக்குப் பொருந்தும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அதனால் ஒரு தடவை இப்படிச் செய்யுங்கள். காலிக் குக்கரை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். 300 கிராம் அரிசியை வழக்கமான தண்ணீர் விட்டு வைத்து, வெந்து ஆறியதும் குக்கரோடு நிறுத்து, குக்கர் எடையைக் கழியுங்கள். 870 கிராம் வருகிறது என்றால் உங்கள் வீட்டு விகிதம் 2.9. தட்டில் 260 கிராம் சாதம் போட்டால் அது 90 கிராம் அரிசி, 315 கலோரி. அரிசியையோ தண்ணீரையோ மாற்றாத வரை இந்த விகிதம் செல்லும். பழைய சோற்றுக்குச் செல்லாது. ஊறிய தண்ணீரையும் சேர்த்து நிறுப்பதில் அர்த்தமில்லை, முதல் நாள் போட்ட அரிசியைத்தான் பங்கிட வேண்டும்.

பாத்திரங்களின் காலி எடையை ஒருமுறை நிறுத்து, ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். நிரம்பிய பாத்திரத்தை வேறொன்றுக்கு மாற்றி நிறுக்கிற வேலையே மிச்சம்.

சாம்பாருக்கும் அதே முறைதான். 120 கிராம் துவரம்பருப்பு போட்டு வைத்த சாம்பார், காய், புளித்தண்ணீர் எல்லாம் சேர்ந்து 1,200 கிராம் வந்தால் பத்தில் ஒரு பங்குதான் பருப்பு. சாதத்தில் ஊற்றிக்கொள்கிற 150 கிராமில் 15 கிராம் பருப்பு, அதில் புரதம் மூன்றேகால் கிராம். 'தினமும் சாம்பார் சாப்பிடுகிறோம், புரதத்துக்குக் குறைவில்லை' என்று சொல்கிற வீடுகளில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால் கொஞ்ச நேரம் பேச்சு வராது. பருப்பை 200 ஆக்கித் தண்ணீரைக் குறைத்தால் அதே கரண்டி கூடுதலாகத் தரும். கெட்டியாக இருக்கும், ஹோட்டல் சாம்பார் பழகியவர்களுக்குப் பிடிக்காமலும் போகலாம்.

இந்த மெஷின் கொடுத்த காசுக்கு மேலே உழைப்பது எண்ணெயில். ஸ்பூனில் அளப்பதைவிடப் பாட்டிலில் குறைந்ததை நிறுக்கிற வழி எளிது. எண்ணெய்ப் பாட்டிலை வைத்து எண்ணைக் குறியுங்கள், 642. ஊற்றிவிட்டுத் திரும்ப வையுங்கள், 622. சட்டியில் விழுந்தது 20 கிராம். டேர் அழுத்திவிட்டு ஊற்றினால் மைனஸ் 20 என்று நேரே காட்டும்தான், ஆனால் நீங்கள் தாளித்து முடிப்பதற்குள் மெஷின் தானாக அணைந்துவிடும், டேர் செய்தது மறந்துபோகும். எழுதி வைப்பதே பத்திரம். நெய், வெல்லம், பீநட் பட்டர் எல்லாவற்றுக்கும் இதே வழி. ஸ்பூனில் ஒட்டிக்கொண்டதைப் பற்றிய கவலையும் இல்லை.

இட்லியை வைத்துப் பார்ப்போம். 800 கிராம் இட்லி அரிசி, 200 கிராம் உளுந்து, அரைத்த மாவு இரண்டரைக் கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். குழியில் 50 கிராம் மாவு ஊற்றினால் அதில் 20 கிராம்தான் தானியமும் பருப்பும், மீதி தண்ணீர். ஒரு இட்லி 70 கலோரி, நாலு இட்லி 280, புரதம் ஒன்பது கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. குற்றம் சொல்ல ஒன்றுமில்லாத காலை உணவு. பக்கத்தில் மிளகாய்ப் பொடிக்குக் குழி செய்து நல்லெண்ணெய் ஊற்றுகிறோமே, அதை மேலே சொன்னபடி நிறுத்துப் பாருங்கள். 20 கிராம் சர்வ சாதாரணமாக வரும். கிராமுக்கு 9 கலோரி, 180 ஆயிற்று. இரண்டரை இட்லிக்குச் சமம். இட்லியை மூன்றாகக் குறைத்துவிட்டுப் பொடி எண்ணெயை மட்டும் குறைக்காமல் விடுகிறவர்கள் தப்பான இடத்தில் கைவைக்கிறார்கள்.

வடை, அப்பளம், சிப்ஸ் பொரிக்கிற நாளில் கொதிக்கும் சட்டியை மெஷின் பக்கமே கொண்டுவரக் கூடாது. காலிச் சட்டியையும் ஊற்றிய எண்ணெயையும் முன்பே நிறுத்து வையுங்கள். பொரித்தபின் நன்றாக ஆறவிட்டுச் சட்டியோடு நிறுத்தால், குறைந்தது எவ்வளவோ அது வடைக்குள் போனது. காகிதத்தில் ஊறியது அதில் கொஞ்சம் கழியும், அவ்வளவுதான். வடை எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடலாம் என்று கேட்டால், ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரும் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில் 2,000 கலோரிக்கான ஒரு நாள் தட்டு இருக்கிறது. தானியம் 250 கிராம், காய்கறி 400, பழம் 100, பருப்பு அல்லது முட்டை-இறைச்சி வகை 85, கொட்டைகளும் விதைகளும் 35, எண்ணெயும் கொழுப்பும் 27, பால் அல்லது தயிர் 300 மில்லி. எல்லாம் சமைக்காத எடை. வெந்த சாதம் 250 கிராம் என்று படித்துக்கொண்டு பட்டினி கிடக்க வேண்டாம். எண்ணெய் 27 கிராம் என்பதைத் தினமும் நிறுப்பது சிரமமாக இருந்தால் மாதக் கணக்காக மாற்றுங்கள். ஆளுக்கு 810 கிராம், நாலு பேருக்கு 3,240. ஒரு லிட்டர் பாக்கெட்டில் இருப்பது 910 கிராம், ஆக மாதம் மூன்றரைப் பாக்கெட். மளிகை லிஸ்ட்டில் ஆறு பாக்கெட் எழுதுகிற வீடு என்றால் பிரச்சினை எங்கே இருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். நெய், டால்டா எல்லாம் அந்த 27-க்குள் அடக்கம்.

பவுடர் டப்பாவுக்கு 3,000 ரூபாய் கொடுக்கும் முன்னும் ஒரு வாரம் நிறுத்துப் பார்ப்பது நல்லது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஐசிஎம்ஆர் சொல்லும் புரத அளவு, எடை கிலோவுக்கு 0.83 கிராம். 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். நாள் முழுக்க 250 கிராம் அரிசியில் 20 கிராம் அளவுக்கு வந்துவிடும், 50 கிராம் பச்சைப்பயறில் 11, இரண்டு முட்டையில் 13, 300 மில்லி பாலில் ஒன்பது. கூட்டினால் 53. எடை தூக்கிப் பயிற்சி செய்பவர்களுக்கு இதைவிட அதிகம் தேவைப்படும். அவர்களும் பயறு, முட்டை, மீல் மேக்கர், கோழி என்று நிறுத்துக் கூட்டிப் பார்த்தபின், விடுபடுகிற இடத்துக்கு மட்டும் பவுடரைக் கணக்கிடலாம். மீல் மேக்கரையும் உலர்ந்த நிலையில் நிறுங்கள். 100 கிராமில் 50 கிராமுக்கு மேல் புரதம் என்று பாக்கெட்டில் போட்டிருப்பது உலர்ந்த எடைக்கு. ஊறிப் பிழிந்தபின் அது மூன்று மடங்கு போல் கனக்கும், அந்த எடைக்கு இந்த எண்ணைப் போட்டால் கணக்கு கந்தலாகிவிடும்.

முட்டையில் ஓடு பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். வாழைப்பழத்தைத் தோலோடு நிறுத்துவிட்டு, சாப்பிட்டபின் தோலை நிறுத்துக் கழியுங்கள். கோழி, மீன் குழம்பில் எலும்பையும் முள்ளையும் அப்படியே. தேங்காய் துருவலில் 100 கிராமுக்கு 400 கலோரி போல் வரும், சட்னிக்குத் துருவியதும் நிறுப்பதுதான் வழி.

மெஷின் கெடுவது பெரும்பாலும் தண்ணீரால். பட்டன் ஓரத்து இடுக்கு அடைபட்டிருக்காது. குழாயில் கழுவினாலோ, ஈரக் கையால் அழுத்திக்கொண்டே இருந்தாலோ உள்ளே இறங்கிவிடும். பிழிந்த துணியால் துடைத்தால் போதும். மாவு வேலைக்கு மேலே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையைச் சுற்றிவிடலாம், தட்டுக்கும் உடலுக்கும் நடுவில் பை இறுகாமல் இருக்க வேண்டும், இறுகினால் எண் ஒட்டிக்கொண்டு நகராது. தட்டுக்கு அடியில் ஒரு அரிசிமணி சிக்கினாலும் இதே கோளாறு வரும். எண் தானாக மேலும் கீழும் அலைந்தால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள், இரண்டையும் சேர்த்து. கூடவே வருகிற பேட்டரி பெரும்பாலும் ஒப்புக்குத்தான். ஒரு மாதம் தொடப் போவதில்லை என்றால் கழற்றி வையுங்கள், கசிந்து கம்பி பச்சை பிடித்தால் இந்த விலைக்குச் சரிபார்க்க ஆள் கிடைக்காது.

கூடுதலாக 300 ரூபாய் போட முடியுமானால், மேலே தட்டையான கண்ணாடியோ எஃகோ போட்ட மாடல் துடைக்க எளிது, பெரிய பாத்திரம் வைத்தாலும் திரை மறையாது. எஸ்எஃப்-400-இல் அகலமான தட்டு வைத்தால் எண்ணைக் குனிந்துதான் படிக்க வேண்டும். நகைக்கடைப் பாணியில் 0.01 கிராம் காட்டும் குட்டி மெஷினும் விற்கிறது. அதில் 200 அல்லது 500 கிராமுக்கு மேல் வைக்க முடியாது, சாப்பாட்டுக்கு உதவாது. போனோடு புளூடூத்தில் சேருகிற தராசுக்கு 1,500 ரூபாய் கொடுப்பது வீண். சாம்பாரில் எத்தனை பருப்பு என்று அதற்கும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இரண்டு மூன்று வாரம் விடாமல் நிறுத்தாலே கண்ணுக்கு அளவு பழகிவிடும். அதன்பின் எண்ணெய்க்கும் கடலைக்கும் மட்டும் எடுத்தால் போதும். சாப்பாட்டைப் பற்றிய பயமோ, சாப்பிட்டுவிட்டுக் குற்ற உணர்ச்சியோ ஏற்கெனவே இருப்பவர்களுக்கு இதை நாங்கள் சொல்ல மாட்டோம். எண்கள் அதை அதிகமாக்கும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் அரிசி அளவைத் திடீரென்று பாதியாக்கினால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம், டாக்டரிடம் கேட்டபின் குறையுங்கள்.

வீட்டில் சத்துமாவு, பருப்புப் பொடி அரைத்து விற்கிறவர்கள் இதையே வைத்துப் பாக்கெட் போடலாமா என்றால், கூடாது. வியாபாரத்துக்குப் பயன்படுத்தும் தராசு சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009-இன்படி சரிபார்த்து முத்திரை வைத்ததாக இருக்க வேண்டும். எஸ்எஃப்-400-க்கு அந்த முத்திரை கிடையாது.